மின்னுலகின் முன்னோடி லலிதா

நுழையும்முன்

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. இவ்வசதியின் பின்னே எத்தனை பேருடைய அறிவும் உழைப்பும் விழிப்பும் இருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் 1920ஆம் ஆண்டிலேயே நிசாம் அரசு அனல் மின்நிலையம் ஒன்றை அமைத்தது. இன்று இராமச்சந்திராபுரத்தில் பாரத மிகுமின் நிறுவனம் பெரும் மின் இயந்திரங்களை ஆக்குகிறது. நம்முள் சிலருடைய பெற்றோர் இத்தகைய தொழிற்கூடங்களில் பணி செய்யவே தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு வந்தனர். நாம் தெலுங்கு நாட்டில் வாழும் தமிழர். இப்பாடத்தில் நாம் அறியப்போகும் லலிதாவோ தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து கற்ற தெலுங்குப் பெண்மணி. இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் எனப் போற்றப்படும் அவருடைய வாழ்க்கையைப் படிப்போம்.

இளமையும் இழப்பும்

அய்யலசோமயாஜுல லலிதா 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். உடன்பிறந்தோர் பலர். ஆண்மக்கள் பொறியாளர் ஆகும் மரபு அவ்வீட்டில் இருந்தது. பெண்மக்களுக்கோ அக்கால வழக்கப்படி பள்ளிக் கல்வியே எல்லையாக இருந்தது.

லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம் நடைபெற்றது. மணமான பின்னும் பத்தாம் வகுப்பு வரை அவர் படித்தார். 1937இல் ஒரு பெண்மகவு பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆகியிருந்தபோது கணவர் இறந்தார். அப்போது லலிதாவுக்கு வயது பதினெட்டு.

அக்காலத்தில் கணவனை இழந்த பெண்ணின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. நல்ல நாள்களில் அவள் முன்னே வரக்கூடாது. வண்ண ஆடை உடுத்தக்கூடாது. வீட்டின் மூலையே அவளுக்கு உலகம் எனப் பலர் எண்ணினர். லலிதா அவ்வாறு மூலையில் ஒடுங்க விரும்பவில்லை. தம் காலில் தாமே நிற்க வேண்டும், தம் மகளைத் தாமே வளர்க்க வேண்டும் எனத் துணிந்தார். தந்தையார் அத்துணிவுக்குத் துணை நின்றார். லலிதா பிறந்தகம் திரும்பி, இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்து, இடைநிலை வகுப்பில் முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து எதைப் படிப்பது என்ற வினா எழுந்தது. அந்நாளில் பெண்கள் மேற்படிப்புக்குத் தேர்ந்தெடுத்த துறைகளுள் மருத்துவம் ஒன்று. ஆயினும் மருத்துவர் நள்ளிரவிலும் நோயாளியின் அழைப்புக்கு ஓட வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அப்பணியைச் செய்வது அரிது. குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியும் பணியே தமக்கு ஏற்றது என அவர் கருதினார். தந்தையும் உடன்பிறந்தாரும் பொறியாளர். அவர்கள் தொழிலைச் சிறுவயது முதல் கண்டு வளர்ந்தவர் அவர். எனவே பொறியியலைத் தேர்ந்தார்.

கிண்டியில் ஒரு மாணவி

கிண்டிப் பொறியியல் கல்லூரி மிகப் பழமையானது. அங்கு அதுவரை பெண் எவரும் மாணவியாகச் சேர்ந்ததில்லை. பேராசிரியர் சுப்பாராவ் கல்லூரி முதல்வர் சாக்கோவை அணுகித் தம் மகளின் தகுதியை எடுத்துரைத்தார். முதல்வர் இசைந்தார், கல்வித்துறை இயக்குநரின் ஒப்புதலும் கிடைத்தது. நூற்றுக்கணக்கான ஆண்மாணவர் நடுவே லலிதா தனியொரு மாணவியாக வகுப்பறையில் அமர்ந்தார்.

உடன் பயின்றோர் அவருக்கு இன்னல் எதுவும் செய்யவில்லை. தங்குவதற்குக் கல்லூரி தனியிடம் ஒதுக்கித் தந்தது. எனினும் பேசிப் பழக ஒரு தோழி இல்லாத தனிமை அவரை வருத்தியது. குழந்தையோ உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் மட்டுமே தாய் மகளைக் காண முடிந்தது. மகளின் நிலையைக் கண்ட தந்தையார், மேலும் பெண்களைச் சேர்க்குமாறு கல்லூரியை வேண்டினார். அதன் பயனாக லீலம்மா ஜார்ஜ், திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தனர். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

சான்றிதழில் ஒரு திருத்தம்

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பொறியாளர்கள் விரைவில் தேவைப்பட்டமையால் படிப்புக்காலம் சில மாதங்கள் குறைக்கப்பட்டது. அதனால் லலிதாவும், அவருக்குப் பின் சேர்ந்த தோழியர் இருவரும் 1943ஆம் ஆண்டிலேயே ஒருங்கே பட்டம் பெற்றனர்.

பட்டச் சான்றிதழ் அச்சிட்ட படிவம் ஆகும். பெண் ஒருத்தி பொறியியல் பட்டம் பெறுவாள் என்பதை அப்படிவத்தை அச்சிட்டோர் எண்ணியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் ஆணைக் குறிக்கும் ‘ஹீ’ என்னும் சொல்லே அதில் அச்சாகியிருந்தது. அச்சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் ‘ஷீ’ என்னும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

இது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயினும் ஆழ்ந்து நோக்கத் தக்கது. ஆவணம் உள்ளதை உள்ளவாறு உரைக்க வேண்டும். படிவத்துக்காக உண்மையை மாற்ற இயலாது. உண்மைக்காகப் படிவத்தைத்தான் மாற்ற வேண்டும். லலிதா பின்னர் மேற்கொண்ட தொழிலுக்கும் இதுவே அடிப்படை என்பதைச் சற்றுப் பின் காண்போம்.

சிம்லாவும் கல்கத்தாவும்

பட்டம் பெற்ற லலிதா, பீகாரில் உள்ள ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு செய்முறைப் பயிற்சி பெற்றார். 1944இல் சிம்லாவில் இருந்த மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராக அமர்ந்தார். உடன்பிறந்தார் குடும்பம் அருகில் இருந்தமையால் மகளை வளர்க்கவும் வழி பிறந்தது.

தர நிர்ணயம் என்றால் என்ன? ஒரு பொருள் இன்ன அளவில், இன்ன உறுதியில், இன்ன சோதனைகளைத் தாங்குமாறு இருக்க வேண்டும் என வரையறுப்பதே தர நிர்ணயம். கடையில் வாங்கும் மின்செருகி எவ்வூரில் செய்யப்பட்டதாயினும் நம் வீட்டுப் பொருத்துவாயில் சரியாகப் பொருந்துவது இத்தகைய வரையறையினால்தான். இந்திய விடுதலைக்குச் சில மாதங்கள் முன்னர், 1947 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணயக் கழகம் தொடங்கப்பட்டது. மின்பொருள்கள்மீது நாம் இன்று காணும் ஐ.எஸ்.ஐ. முத்திரை அக்கழகத்தின் பெயரால் அமைந்ததே.

லலிதா 1946 இறுதியில் சிம்லாப் பணியை விட்டுத் தந்தையாரின் ஆய்வுகளுக்கு உதவினார். புகையில்லா அடுப்பு, மின்னாற்றலால் இயங்கும் இசைக்கருவி ஆகியன அவ்வாய்வுகளுள் சில. பின்னர் 1948இல் கல்கத்தாவில் இருந்த அசோசியேட்டடு எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தில் சேர்ந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவருடைய பணிக்களம் அதுவே ஆயிற்று.

அங்கு உயர் மின்னழுத்தத் தொடர்களை வடிவமைத்தல், துணை மின்நிலையங்களின் அமைப்பை வரைதல், மின்காப்புக் கருவிகளில் தோன்றும் சிக்கல்களைத் தீர்த்தல் ஆகிய பணிகளை லலிதா ஆற்றினார். சட்லெஜ் ஆற்றின் குறுக்கே எழுந்த பக்ரா அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1963இல் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்ட அவ்வணை, புதிய இந்தியாவின் பெருமைகளுள் ஒன்று. அதன் ஒளியில் ஒரு தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவியின் உழைப்பும் கலந்திருக்கிறது.

காப்புக் கருவியின் கடமை

மின்சாரம் வரையறுத்த பாதையில் செல்லும்வரை நண்பன். பாதை தவறினால் கொடிய பகைவன். கம்பியின் மேலுறை தேய்ந்தாலும், ஈரம் புகுந்தாலும், மரக்கிளை கம்பிமேல் விழுந்தாலும் மின்சாரம் வழிமாறிப் பாயும். அப்போது இயந்திரம் எரியும். மனித உயிரும் போகும். தீங்கு நேர்ந்த அந்நொடியிலேயே அதை உணர்ந்து மின்னோட்டத்தைத் துண்டிப்பதே காப்புக் கருவியின் கடமை.

துணை மின்நிலையத்தில் இக்கடமையை இருவர் பகிர்ந்து செய்கின்றனர் எனலாம். ரிலே என்னும் கருவி காவலாளி போல மின்னோட்டத்தைக் கண்காணிக்கிறது. அளவு மீறியவுடன் அது குரல் கொடுக்கிறது. அக்குரலைக் கேட்ட முறிப்பான், சுற்றைத் துண்டிக்கிறது. வீட்டிலும் இவ்வேலையைச் செய்யும் சிறு கருவிகள் உண்டு. உருகியில் உள்ள மெல்லிய கம்பி, அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் உருகி அறுந்துபோகிறது. மின்கசிவு முறிப்பான் இன்னும் நுட்பமானது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வழிதவறிக் கசிந்தாலே அது மின்னோட்டத்தை நிறுத்திவிடும்.

காப்புக் கருவிக்கு ஓர் இயல்பு உண்டு. ஆண்டு முழுவதும் அதற்கு வேலை இராது. என்றோ ஒரு நாள், ஒரு நொடியில், தவறாமல் இயங்க வேண்டும். அன்று அது இயங்காவிடின் இருந்தும் பயனில்லை. அது இயங்கும் என்பதை முன்கூட்டியே எவ்வாறு அறிவது? சோதனை ஒன்றே வழி.

சோதனையும் பதிவும்

மின்கருவிகளைச் சோதிப்போர் முதலில் கண்ணால் நோக்குவர். மேலுறையில் வெடிப்பு உண்டா, செருகியில் கருகல் உண்டா, திருகாணி தளர்ந்துள்ளதா எனப் பார்ப்பர். பின்னர்க் கருவியின் உலோக உடலுக்கும் நில இணைப்புக்கும் இடையே கம்பித் தொடர்பு அறுபடாமல் இருக்கிறதா எனக் காண்பர். மின்கசிவு நேர்ந்தால், அம்மின்சாரம் மனித உடல் வழியே செல்லாமல் எளிதாக மண்ணுக்குள் இறங்க வழி செய்வது நில இணைப்பே ஆகும்.

அடுத்து மின்காப்புத் தடையை அளப்பர். இதற்கு மெக்கர் என்னும் கருவி பயன்படுகிறது. பழைய மெக்கரில் கைப்பிடி ஒன்று இருக்கும். அதைச் சுழற்றினால் உள்ளே மின்சாரம் உண்டாகும். வீட்டு மின்னிணைப்பைச் சோதிக்கும்போது முதலில் மின்வரவை நிறுத்துவர். பிறகு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் செலுத்தி, உறை எவ்வளவு தடுக்கிறது எனப் பார்ப்பர். அளவு ஒரு மெகா ஓமுக்குக் குறையலாகாது. ஒரு மெகா ஓம் என்பது பத்து இலட்சம் ஓம் ஆகும்.

அளந்தால் மட்டும் போதாது. அளந்ததை எழுதி வைக்க வேண்டும். ஏன்? ஓர் இயந்திரத்தின் அளவு முதலாண்டில் 200 மெகா ஓம் என இருந்தது எனக் கொள்வோம். மறு ஆண்டில் 60 ஆயிற்று. மூன்றாம் ஆண்டில் 8 ஆயிற்று. எட்டு என்பது ஒன்றைவிடப் பெரியதே. அவ்வோர் எண்ணை மட்டும் பார்ப்பவர் இயந்திரம் நலமாக உள்ளது என்பார். மூன்றாண்டுப் பதிவையும் வரிசையாகப் பார்ப்பவரோ, உறைக்குள் ஈரமோ சிதைவோ புகுந்துவிட்டது என உணர்ந்து, விபத்து வரும் முன்பே இயந்திரத்தைச் செப்பனிடுவார். ஓர் எண் இன்றைய நிலையைக் கூறும். எண்களின் வரிசையோ நாளை வரப்போவதை உணர்த்தும்.

அதனால்தான் சோதனைப் பதிவேட்டில் கருவியின் அடையாள எண், சோதித்த நாள், பயன்படுத்திய அளவி, கிடைத்த அளவு, சோதித்தவர் கையொப்பம் ஆகிய அனைத்தும் இடம்பெறுகின்றன. ஈரமான நாளில் அளவு குறையும் ஆதலால் வானிலையையும் சிலர் குறிப்பர். பிழையாக எழுதிவிட்டால் அதை அழிக்கமாட்டார்கள். பழைய எழுத்துத் தெரியுமாறு ஒரு கோடு கிழித்து, சரியானதை அருகில் எழுதிக் கையொப்பம் இடுவர். லலிதாவின் பட்டச் சான்றிதழில் நிகழ்ந்த திருத்தமும் இத்தகையதே. அடிக்கப்பட்ட சொல் பழைய எண்ணத்தைக் காட்டுகிறது. எழுதப்பட்ட சொல் உண்மையைக் காட்டுகிறது.

சோதிக்காமலே பதிவேட்டில் எண்ணை நிரப்புவோரும் உலகில் உண்டு. அது வெறும் சோம்பல் அன்று. பிறர் உயிரோடு விளையாடும் கொடுஞ்செயல். அப்பொய் எண்ணை நம்பி நாளை ஒரு தொழிலாளி கம்பியைத் தொடுவார். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் காத்திருப்பர் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் ஐதராபாத்தில் மத்திய மின்னாற்றல் ஆராய்ச்சி நிலையத்தின் மீவுயர் மின்னழுத்த ஆய்வகம் உள்ளது. நாட்டின் உயர் மின்தொடர்களுக்குரிய கருவிகள் அங்குச் சோதிக்கப்படுகின்றன. எங்கோ ஓரிடத்தில் ஒருவர் நேர்மையாக எழுதும் எண்ணே, வேறோரிடத்தில் ஒரு வீட்டைக் காக்கிறது.

உலக அரங்கில்

லலிதாவின் புகழ் கடல் கடந்தது. இலண்டனில் இருந்த மின்பொறியாளர் நிறுவனம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும், 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. 1964இல் நியூயார்க் நகரில் பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாடு நடைபெற்றது. அதில் கலந்துகொள்ளும் வாய்ப்பு லலிதாவுக்குக் கிடைத்தது. இந்தியாவில் பெண் பொறியாளருக்கெனத் தனியமைப்பு எதுவும் அந்நாளில் இல்லை. எனவே அவர் தம் சொந்த நிலையிலேயே சென்று வந்தார். திரும்பியபின், இங்கிலாந்தில் கேம்பிரிட்சில் 1967இல் நடைபெறவிருந்த இரண்டாம் மாநாட்டுக்கு இந்தியப் பெண்கள் செல்லப் பெரிதும் முயன்றார். ஒரு காலத்தில் தோழியின்றித் தனித்திருந்தவர், பிற்காலத்தில் பலருக்குத் தோழியாக வழிகாட்டினார்.

லலிதா மறுமணம் செய்துகொள்ளவில்லை. பணியையும் மகளையும் இரு கண்களாகப் போற்றினார். மகள் நன்கு கற்றுக் கல்விப்பணியில் சிறந்தார். 1977இல் ஓய்வு பெற்ற லலிதா, 1979ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் தம் அறுபதாம் வயதில் காலமானார்.

இன்று நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இலட்சக்கணக்கான மாணவியர் பயில்கின்றனர். அவர்களுடைய சான்றிதழில் எச்சொல்லையும் அடித்துத் திருத்த வேண்டியதில்லை. அவ்வழியைத் திறந்தவருள் லலிதா முதல்வர். மொழி கடந்து, ஊர் கடந்து, துயர் கடந்து வாழ்ந்த அவருடைய வாழ்க்கை, பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கும் ஊக்கம் தருவதாகும்.

சொல்லும் பொருளும்

பெண்மகவு – பெண்குழந்தை
இசைந்தார் – உடன்பட்டார்
ஒருங்கே – ஒன்றாக
மின்காப்பு – மின்சாரம் வெளியே கசியாமல் தடுப்பது
முறிப்பான் – மின்சுற்றைத் துண்டிக்கும் கருவி
உருகி – மின்னோட்டம் மிகும்போது உருகி அறும் கம்பி உடைய கருவி
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. லலிதா பிறந்த ஊர் ______.
2. லலிதா பட்டம் பெற்ற ஆண்டு ______.
3. மின்காப்புத் தடையை அளக்கும் கருவி ______.
4. ஒரு மெகா ஓம் என்பது ______ ஓம்.

ஆ. பிரித்து எழுதுக.
1. மின்னோட்டம் 2. கையொப்பம் 3. பதிவேடு 4. முன்கூட்டியே

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. லலிதா மருத்துவம் பயிலாமல் பொறியியலைத் தேர்ந்தது ஏன்?
2. பட்டச் சான்றிதழில் செய்யப்பட்ட திருத்தம் யாது?
3. நில இணைப்பின் பயன் என்ன?

ஈ. சிந்தித்து விரிவாக எழுதுக.
1. 200, 60, 8 என்னும் மூன்று எண்களைக் கொண்டு, பதிவேட்டின் தேவையை விளக்குக.
2. சோதிக்காமல் பதிவேட்டை நிரப்புவது ஏன் குற்றமாகும்? உம் கருத்தை எழுதுக.

கற்பவை கற்றபின்

பெற்றோரை உடன் வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள ஐந்து மின்கருவிகளைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பதிவேடு ஒன்று ஆயத்தம் செய்க. பார்க்கும் முன் கருவியை நிறுத்திச் செருகியைப் பெரியவர் எடுத்துவிட வேண்டும். எக்கருவியையும் திறத்தல் கூடாது. ஈரக்கையால் தொடுதலும் கூடாது.

பதிவேட்டில் எழுத வேண்டியவை: வரிசை எண், கருவியின் பெயர், பார்த்த நாள், ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா, கம்பியின் உறை நலமா, செருகியில் கருகல் உண்டா, பார்த்தவர் கையொப்பம், பெற்றோர் கையொப்பம்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்துப் புதிய வரியில் எழுதுக. இரு பதிவுகளையும் ஒப்பிட்டு வகுப்பில் பேசுக. பழுது கண்டால் மின்பணியாளரை அழைக்குமாறு பெற்றோரிடம் கூறுக. பிழை நேர்ந்தால் அழிக்க வேண்டா. ஒரு கோடு கிழித்துத் திருத்துக.